வெள்ளவத்தையில் அறல்

இரவு மழை பெய்து விடிந்த காலையில், ரயில் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கொழும்பின் தென்பகுதியான வெள்ளவத்தையில் கடலோரத் தண்டவாளத்தைக் கடந்து, கருங்கற்களுக்கு அப்பால் கிடக்கும் துண்டு மணலில் இறங்கினால், அங்கே ஒரு மரம் மல்லாந்து கிடக்கும். அடிமரம் கடல் பக்கம், கிளைகள் கரைப் பக்கம். நுனிக்கிளைகள் நூல் கனத்தில் தொடங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து, விரல் கனத்துக்கு வந்து, கடைசியில் கை அகலத்துக்கு ஒரே தண்டாகிக் கடலில் முடியும். வரைந்தது தண்ணீர். மணலுக்குள் இறங்கியிருந்த நீர் வெளியேறும்போது அரித்த தடம் அது. பெரிய அலை ஒன்று மேலேறி வந்தால் முழுவதும் அழிந்துவிடும். அந்த அலை திரும்பிய கையோடு, ஏறக்குறைய அதே உயரத்தில், வேறொரு மரம் முளைக்கத் தொடங்கும்.

இதற்கு மிக நெருங்கிய பழந்தமிழ்ச் சொல் அறல். அகராதியைத் திறந்தால் அறுதல், நீர், அரித்தோடும் நீர், கருமணல், ஓடுகிற நீர் மணலில் இட்டுச்செல்லும் வரி என்று பொருள்கள் நீண்டுகொண்டே போகும். இன்றைக்கு இதைப் பேச்சில் யாரும் சொல்வதில்லை. வெள்ளவத்தைக் காய்கறிக் கடையில் நின்று அறல் என்றால் எதையாவது நிறுத்துத் தரப் பார்ப்பார்கள். படித்தவர்களுக்குத் தெரிந்திருந்தால் அது பத்துப்பாட்டு வழியாகத்தான் இருக்கும். பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் பாடினியைத் தலையிலிருந்து வருணிக்கத் தொடங்கும் இடத்தில், ‘அறல்போல் கூந்தல், பிறைபோல் திருநுதல்’ என்கிறார். பள்ளியில் இதைச் சொல்லித் தரும்போது, கூந்தலின் நெளிவுக்கு மணலின் நெளிவு உவமை என்று சொல்லி அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். நெளிவு சரிதான். நிறம் எங்கே போயிற்று? வெண்மணல் எப்படிக் கரிய கூந்தலுக்கு உவமையாகும்?

பதிலைக் குனிந்தால் பார்க்கலாம். நான் சொன்ன மரத்தின் கிளைகளுக்குள் பாருங்கள். ஒவ்வொரு வரியின் அடியிலும், வளைவுகளின் உட்புறத்திலும், கரிய தூள் மெல்லிய கோடாகப் படிந்திருக்கும். அதை விரலால் வழித்து ஈரத்தோடு உள்ளங்கையில் வைத்தால் சாதாரண மணலைவிடக் கனக்கும். பழுதான ஒலிபெருக்கியில் இருந்து கழற்றிய காந்தத்தை அருகில் கொண்டுபோனால் ஒரு பகுதி தாவி ஒட்டிக்கொள்ளும். இல்மனைட், மக்னடைட் போன்ற கனிமங்கள் அவை. வெண்மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். அதன் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு, இல்மனைட்டின் அடர்த்தி 4.7 மடங்கு அளவில். மெல்ல ஓடுகிற நீர் இலேசானதைத் தூக்கிக்கொண்டு போகிறது, கனத்ததை விட்டுவிட்டுப் போகிறது. இலங்கையின் வடகிழக்குக் கரையில் உள்ள புல்மோட்டையில் கரை நெடுகக் கருமணல் சேர்ந்து, அதை அள்ளி ஏற்றுமதி செய்கிற அளவுக்கு ஒரு தொழிலாகவே ஆனது இதே தரம்பிரிப்பால்தான். அங்கே அலை செய்ததை இங்கே ஒரு முழ நீள ஓடை சின்னதாகச் செய்கிறது. ஆக, அறலுக்குக் கருமணல் என்ற பொருளும் நீர் அரித்த வரி என்ற பொருளும் தற்செயலாக ஒட்டிக்கொண்டவை என்று எனக்குத் தோன்றவில்லை. நீர் அரித்த இடத்தில் கருமை தங்குகிறது. பாட்டு எழுதியவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

தண்ணீர் எப்படி இதைச் செய்கிறது என்ற கேள்விக்கு வருவோம். மேலே ஓடுகிற நீர் மணலை அரிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். கடற்கரை மரங்களை வரைவதோ பெரும்பாலும் உள்ளிருந்து கசிகிற நீர். அலை ஏறும்போது கரைக்குள் நீர் வேகமாக இறங்கிவிடுகிறது. கடல் வற்றும்போது அந்த நீர் அதே வேகத்தில் வெளியே வர முடியாது, மணற்பருக்கைகளுக்கு இடையே நுழைந்து நுழைந்து வரவேண்டும். அதனால் கடல் மட்டம் தாழ்ந்த பின்னும் கரைக்குள் நீர் மட்டம் உயர்ந்தே நிற்கும். சரிவில் ஏதோ ஒரு கோட்டில் அது வெளியே எட்டிப் பார்க்கும். அந்தக் கோட்டைக் கண்ணாலேயே பிடிக்கலாம். அதற்கு மேலே மணல் மங்கலாக இருக்கும், கீழே பளபளக்கும். கசிவு முதலில் ஒரு பருக்கையை நகர்த்தும். அங்கே சிறு குழி விழும். குழி விழுந்த இடத்தை நோக்கிச் சுற்றியுள்ள நிலத்தடி நீர் இன்னும் கூடுதலாக வரும். கூடுதல் நீர் வந்தால் குழியின் தலைப்பக்கம் இடிந்து கரைப்பக்கம் நகரும். அதாவது நீர் கடலை நோக்கி ஓடுகிறது, ஓடையோ கரையை நோக்கி வளர்கிறது. இரண்டும் எதிரெதிர் திசை. நின்று கவனித்தால் ஓடையின் தலை அரை வட்டமாக, செங்குத்தான சின்னச் சுவரோடு, துளித்துளியாக இடிந்து பின்வாங்குவது தெரியும்.

மணலை ஏன் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கும் விடை உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த பிலிப் யுல்ஸ்ட்ரோம் 1935இல் தன் ஊர் ஆற்றை வைத்து எழுதிய ஆய்வில் ஒரு வரைபடம் வருகிறது. எந்த அளவுத் துகளைப் பெயர்த்தெடுக்க நீருக்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைக் காட்டும் படம் அது. கூழாங்கல்லைப் பெயர்க்க வேகம் வேண்டும், அது கனம். களிமண்ணைப் பெயர்க்கவும் வேகம் வேண்டும், அது ஒட்டிக்கொண்டிருக்கும். நடுவில் இருக்கிற மணல்தான் இரண்டு பாதுகாப்பும் இல்லாத அநாதை. வினாடிக்குச் சுமார் 20 சென்ரிமீற்றர் போதும், கிளம்பிவிடும். நாம் சோம்பேறித்தனமாக நடக்கும் வேகத்துக்கும் குறைவு அது.

மணலில் கசிவு நீர் வெட்டும் ஓடைகள் எந்தக் கோணத்தில் பிரிகின்றன என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தின் வடமேற்கே, ஆழமான மணல் நிலத்தில், நிலத்தடி நீர் மட்டுமே வெட்டிய பள்ளத்தாக்குகளின் வலை ஒன்று இருக்கிறது. அங்கே கிட்டத்தட்ட 5,000 கிளைச்சந்திகளை அளந்து 2012இல் ஓர் ஆய்வு வெளியானது. சராசரிக் கோணம் 72 பாகை. நிலத்தடி நீர் ஓடையின் நுனியை நோக்கி எப்படி வந்து சேரும் என்று கணக்குப் போட்டால் வருகிற எண்ணும் 72 பாகைதான், முழுவட்டத்தில் ஐந்தில் ஒன்று. இதைப் படித்த பிறகு நான் ஒரு பாகைமானியைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்ததுண்டு. வெள்ளவத்தைச் சரிவு செங்குத்து, ஓடைகள் சிறியவை, வேகம் அதிகம், அதனால் கோணங்கள் கூர்மையாகவே வந்தன. குனிந்து மணலில் பாகைமானி வைக்கிற நடுத்தர வயது ஆளைப் பார்த்து, குடைக்குள் இருந்த காதலர்கள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள்.

பெரிய அறல் பார்க்கக் கொழும்பு அவ்வளவு வாகான ஊர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே ஒரு மீற்றர்கூட வித்தியாசம் கிடையாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் வாய்க்கடலில் அது 12 மீற்றரையும் தாண்டும். அங்கே கடல் வற்றினால் மைல் கணக்கில் ஈரமணல் வெளியே வந்து, அதில் ஓடைகள் ஆற்று வலையாக விரிகின்றன. நமக்கு அலையும் மழையும் தருவதுதான். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை கடல் மூர்க்கமாக ஏறி இறங்கும். அந்தக் காலத்தில், வெள்ளவத்தைக்குத் தெற்கே கல்கிசைப் பக்கம் நல்ல மரங்கள் கிடைக்கும்.

இவற்றைச் செடி என்று நம்பிப் பெயர் வைத்தவர்களும் உண்டு. மணலில் விழுந்த ஓடைத்தடம் அடுத்த மண்படிவால் மூடப்பட்டு, காலப்போக்கில் பாறையாகிவிடுவது உண்டு. 19ஆம் நூற்றாண்டில் அப்படிப்பட்ட கற்பலகைகளைத் தோண்டி எடுத்தவர்கள், கிளைகளைப் பார்த்துப் பழங்காலக் கடற்பாசி என்று எண்ணி இலத்தீன் பெயர்களைச் சூட்டினார்கள். ஸ்வீடன் தாவரவியலர் ஆல்பிரட் நாத்தோர்ஸ்ட்தான் 1880களில் இதை உடைத்தார். புழு ஊர்ந்த தடமும் நீர் ஓடிய தடமும் இப்படி எத்தனையோ ‘பாசிகளாக’ மாறியிருப்பதை, புதிய சேற்றில் செய்துகாட்டியே நிறுவினார். பெயர் சூட்டியவர்கள் இலேசில் விட்டுக்கொடுக்கவில்லை, வருடக்கணக்கில் சண்டை நடந்தது. எனக்கு அவர்கள் மேல் இரக்கம்தான். வெள்ளவத்தையில் கிடப்பதைப் புகைப்படம் எடுத்து அனுப்பினால், எங்கள் குடும்பத்திலேயே பாதிப்பேர் என்ன செடி என்றுதான் கேட்கிறார்கள்.

கசிவு ஓடையைவிட வேடிக்கை காட்டுவது, தண்டவாளத்துக்கு அடியால் குழாய் வழியே வந்து மணலில் விழும் மழைநீர். அரை அடி ஆழம்கூட இல்லாமல், சரிவில் விறுவிறுவென்று ஓடும். சில நிமிடம் தட்டையாக ஓடிக்கொண்டிருக்கும். பிறகு திடீரென்று நீர்ப்பரப்பில் நாலைந்து மேடுகள் வரிசையாக எழும்பும். அவை நகராமல் நின்ற இடத்திலேயே உயர்ந்துகொண்டு போகும். அடியில் மணலும் அதே வடிவில் மேடுகட்டிக்கொண்டிருக்கும். ஒரு கட்டத்தில் மேடு தாங்காமல், முகடு நீரோட்டத்துக்கு எதிராகக் கவிழ்ந்து, சளசளவென்று உடையும். எல்லாம் தட்டையாகும். மறுபடி முதலில் இருந்து. நீர் தன் அலையைவிட வேகமாக ஓடும்போது மட்டும் இது நடக்கும். அடியில் உள்ள மணல் மேட்டில் நீர் வரும் பக்கம் பருக்கைகள் படிந்து, நீர் இறங்கும் பக்கம் அரிபட்டு, மேடே மெல்ல மெல்ல நீரின் எதிர்த்திசையில் ஏறிக்கொண்டு போவதும் உண்டு. பருக்கைகள் எல்லாம் கடலுக்குப் போகின்றன, அவற்றால் ஆன மேடு மட்டும் கரைக்கு வருகிறது. சிறுவர்கள் இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பெரியவர்கள் சாக்கடைத் தண்ணீர் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு போய்விடுவார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் கை அகல விவகாரம். மணலை நீர் அறுக்கிற காரியம் ஊரையே தொடும்போது எப்படி இருக்கும் என்பது மட்டக்களப்பாருக்குத் தெரியும். வாவிக்கும் கடலுக்கும் இடையே மணல் திட்டு அடைத்துக்கொண்டிருக்கும். மாரியில் வாவி நிரம்பி, வயலுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறத் தொடங்கியதும் முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். முன்பு மண்வெட்டி, இப்போது பெக்கோ இயந்திரம். எங்கள் மாமா ஒருவர் இளவயதில் இந்த வெட்டுக்குப் போனவர். போன மாரியில் தொலைபேசியில் பேசும்போது, எவ்வளவு அகலத்துக்கு வெட்டுவீர்கள் மாமா என்று கேட்டேன்.

“அகலம் எதற்கு மருமகன்? ஒரு மண்வெட்டி அகலம் போதும். தண்ணீர் கடல் பக்கம் எட்டிப் பார்க்கும் வரைக்கும்தான் நமக்கு வேலை. எட்டிப் பார்த்துவிட்டால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும்.”

“ஓடாவிட்டால்?”

“நின்ற இடம் இருக்காது.”

வாவி மட்டத்துக்கும் கடல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒரு முழப் பள்ளத்தில் போய்ச் சேர்கிறது. நீர் வேகம் எடுக்க, அடி ஆழமாகிறது. ஆழமாக, இன்னும் அதிக நீர் பாய்கிறது. இரு கரையும் பாளம் பாளமாகச் சரிகின்றன. சில மணி நேரத்தில் வள்ளம் போகும் வாய் திறந்துவிடுகிறது. வெள்ளவத்தையில் ஓடையின் தலை துளித்துளியாக இடிவதும் இதுவும் ஒரே காரியம்தான், அளவு மட்டும் வேறு. வாவி வடிந்த பிறகு அலை மறுபடி மணலைக் கொண்டுவந்து வாயை மூடும். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீனவருக்கும் ஆண்டுதோறும் இழுபறி. வயலைக் காப்பாற்றச் சீக்கிரம் வெட்டச் சொல்வார்கள். அவசரப்பட்டு வெட்டினால் நீரோடு இறாலும் போய்விடும் என்பார்கள் மற்றவர்கள். இதில் யார் பக்கம் நியாயம் என்று கொழும்பில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை.

மூடிக்கொள்ளும் என்று நம்பித்தான் களுத்துறையிலும் வெட்டினார்கள். 2017 மே மாத வெள்ளத்தில் களு கங்கை கரைபுரண்டு ஊர்கள் மூழ்கியபோது, ஆற்றையும் கடலையும் பிரித்துக்கொண்டு நீண்டு கிடந்த கலிடோ கடற்கரையின் மணல் திட்டை வெட்டி வெள்ளத்தை வெளியேற்றினார்கள். வெள்ளம் வடிந்தது. வாய் மூடவில்லை. ஆறு புதிய வழியைப் பிடித்துக்கொள்ள, பழைய முகத்துவாரம் தளர்ந்தது. வெட்டின் இருபுறமும் மணல் கரைந்து, திட்டின் பெரும்பகுதி போய்விட்டது. உயிர்கள் போய்க்கொண்டிருந்த நேரத்தில் எடுத்த முடிவு அது, அன்று அங்கே நின்றிருந்தால் நானும் வெட்டத்தான் சொல்லியிருப்பேன். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேலேயிருந்து வருவது மாரிக்கால வெள்ளம் மட்டும். களு கங்கையோ இலங்கையின் மிக ஈரமான மலைச்சரிவுகளில் இருந்து ஆண்டு முழுவதும் நீர் கொண்டுவருவது. ஓடிக்கொண்டேயிருக்கும் ஆற்றின் வாயை அலை எப்படி மூடும்? மூடுவதற்கு வேண்டிய மணலும் முன்போல் வருவதில்லை. கட்டடங்களுக்காக ஆற்றுப்படுகையில் மணல் அள்ளுவது எத்தனையோ ஆண்டாக நடக்கிறது, கடற்கரைக்கு மணல் கொண்டுவந்து சேர்ப்பது அந்த ஆறுகள்தாம்.

கொழும்பில் திறப்பதும் மூடுவதும் கால்வாய் வாய்களில் நடக்கிறது. வெள்ளவத்தைக்கு வடக்கே ஒரு கால்வாய், தெற்கே தெஹிவளைக் கால்வாய். நகரத்தின் தாழ்ந்த நிலங்களில் தேங்கும் நீர் இவற்றின் வழியாகக் கடலுக்கு வரவேண்டும். 1992 ஜூன் 4ஆம் திகதி ஒரே நாளில் கொழும்பில் 490 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை கொட்டி நகரம் மூழ்கியது.  தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அலை சாய்வாக வந்து மணலை வடக்கு நோக்கித் தள்ளுகிறது. கால்வாய் வாயில் தெற்கிலிருந்து ஒரு மணல் நாக்கு நீளும். நீர் அதைச் சுற்றிக்கொண்டு வடக்கே ஒதுங்கி ஓடும். மழை பலமாகப் பெய்தால் நாக்கின் அடியை அறுத்துக்கொண்டு நேரே பாயும். மழையின் பலம் போதாவிட்டால் இயந்திரம் வந்து அள்ளும்.

மணலைக் கொண்டுவந்து கொட்டியும் பார்த்தாயிற்று. 2020இல், ஊரடங்கால் கடற்கரையில் ஆள் இல்லாத நாட்களில், கடலடியில் இருந்து உறிஞ்சிய மணலைக் கல்கிசையிலும் கலிடோவிலும் கொட்டினார்கள். சில வாரங்களில் பருவக்காற்றுத் தொடங்கியது, கல்கிசையில் கொட்டியதில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. பணம் கடலில் போனது என்று ஊர் கொதித்தது. மணல் கடலுக்குள் ஆழமற்ற பகுதியில் பரவி அலையின் வேகத்தைக் குறைக்கிறது, அப்படித்தான் நடக்க வேண்டும் என்றார்கள் பொறியியலாளர்கள். அவர்கள் சொன்ன இயங்குமுறை பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். ஆனால் பருவக்காற்று எந்த மாதத்தில் வரும் என்பதும் பாடப்புத்தகத்தில் உள்ளதுதான்.

இந்தச் சண்டையில் நிலத்தடி நீரைப் பற்றி யாரும் பேசிக் கேட்கவில்லை. கரைக்குள் நீர் மட்டம் உயர்ந்திருந்தால் ஏறிவரும் அலைநீர் மணலுக்குள் இறங்க இடமில்லாமல் மேலோடு திரும்பி ஓடும், ஓடும்போது மணலையும் கொண்டு போகும். உள்ளே நீர் மட்டம் தாழ்ந்திருந்தால் அலைநீர் மணலுக்குள் இறங்கிவிடும், சுமந்து வந்த மணல் கரையில் தங்கும். 1940களிலேயே இதை எழுதியிருக்கிறார்கள். டென்மார்க்கின் ஹிர்ட்ஸ்ஹால்ஸ் என்ற ஊரில் 1980களின் தொடக்கத்தில் இது தற்செயலாகக் கண்முன் நடந்தது. மீன்காட்சியகம் ஒன்றுக்கு வடிகட்டிய கடல்நீர் வேண்டுமென்று கடற்கரை மணலுக்கு அடியில் குழாய் பதித்து நீர் இறைத்தார்கள். சில காலத்தில் குழாய் இருந்த பகுதியில் கடற்கரை அகலமாகத் தொடங்கியது. அதன்பின் பல நாடுகளில் இதையே கரையைக் காக்கும் முறையாகச் செய்து பார்த்தார்கள். சில இடங்களில் பலித்தது, புயல் கூடிய கரைகளில் பெரிதாகப் பலிக்கவில்லை.

கொழும்பின் தென்கரையை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். மேட்டில் காலி வீதி, அதிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகள், மரைன் ட்ரைவ், தண்டவாளம், கருங்கல். முற்றமெல்லாம் சீமெந்து ஆகிவிட்டதால் மழைநீர் நிலத்துக்குள் இறங்குவது குறைந்து, வடிகான் வழியே கொத்தாக வந்து கரையில் விழுகிறது. பத்து முற்றங்களில் மெல்ல இறங்கி நாட்கணக்கில் கசிய வேண்டியது, ஒரே குழாயில் ஒரு மணி நேரத்தில் பாய்கிறது. அந்த ஒரு மணி நேரம் யுல்ஸ்ட்ரோம் சொன்ன 20 சென்ரிமீற்றரைப் பல மடங்கு தாண்டிய வேகம். குழாய் விழும் இடங்களில் மட்டும் மணல் இடுப்பளவுக்குக் குழிந்து கற்களின் அடி தெரிவதைப் பார்த்தால் இதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கல் போடுகிறவர்கள் அதே இடத்தில் இன்னும் கல் போடுகிறார்கள்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: கசிவு ஓடை பார்க்க, கடல் கொந்தளித்த இரவுக்கு மறுநாள் காலை கல்கிசை. எழும்பி உடையும் மேடுகள் பார்க்க, பலத்த மழை விட்ட அரை மணி நேரத்துக்குள் வெள்ளவத்தையில் ஏதாவது ஒரு குழாய்வாய். கருமணல் வரி இரண்டு இடத்திலும் உண்டு, வெயில் சாய்வாக விழும்போது நன்றாகத் தெரியும். வெள்ளவத்தைக்கு மட்டும் செருப்போடு போங்கள், கால்வாய் வாய்க்கு அருகே அதுவும் போதாது.